இரண்டு வருஷத்துக் குழி

1965 செப்டம்பர் 27, திங்கள்

கருப்பட்டி,

இது நீ வேலை பார்த்த மருந்து கம்பெனி கொடுத்த டைரி. அட்டையில் 1964 என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. ஜனவரி, பிப்ரவரித் தாள்களில் நீ பஸ் நேரமும் ஓவர்டைமும் எழுதி வைத்திருக்கிறாய். மார்ச் முதல் தேதியில் "தலைவலி" என்று ஒரே ஒரு சொல். அதற்கப்புறம் எல்லாம் வெள்ளைத் தாள். ஒன்றரை வருஷமாக உன் டிரங்குப் பெட்டியில் கிடந்ததை இன்று எடுத்தேன். இந்தத் தாளில் ஞாயிறு என்று அச்சடித்திருக்கிறது. வெளியே திங்கள். இருக்கட்டும். எனக்கு எல்லாம் ஒரே கிழமைதான்.

எழுத்து கோணலாக வருகிறது. சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்து. இப்போது விரல் முட்டு ஒவ்வொன்றும் சுண்டைக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது. பென்சிலில் துணியைச் சுற்றிப் பிடித்திருக்கிறேன்.

சண்டை நின்று நாலு நாள் ஆயிற்று. விளக்கு வெளியே தெரியாமல் இருக்க ஜன்னலுக்கு ஒட்டின கறுப்புத் தாளைத் தாராவி முழுக்கக் கிழித்துவிட்டார்கள். நான் கிழிக்கவில்லை. வெளிச்சம் உள்ளே வந்து என்ன செய்யப் போகிறது.

செப்டம்பர் 29

தண்ணீருக்குப் போகவில்லை.

செப்டம்பர் 30

இன்றும் போகவில்லை. பக்கத்து அறை பேகம் ஒரு குடம் கொண்டு வந்து வைத்தாள். உனக்குத் தெரியுமே, மேலப்பாளையத்துக்காரி, வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

"மதினி, ஒரு குடந்தான். குடிக்கதுக்கும் குளிக்கதுக்கும் ரெண்டுக்கும் பத்தாது. குளிச்சிருங்க. வாடை எங்க சுவரைத் தாண்டி வருது."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் போன பிறகு குடித்தேன்.

அக்டோபர் 4

காலையில் கை திறப்பதில்லை. ராத்திரி மூடின விரல் மூடினபடியே இருக்கிறது. ஒவ்வொன்றாக மற்றக் கையால் நிமிர்த்த வேண்டும். மற்றக் கையும் அதே கதி. எட்டு மணிக்குத்தான் ஒரு டம்ளரைப் பிடிக்க முடிகிறது. குழாயில் தண்ணீர் வருவது ஐந்திலிருந்து ஏழு வரை. முனிசிபாலிட்டிக்காரன் என் விரலைக் கேட்டுக்கொண்டா தண்ணீர் விடுவான்.

ஸ்டவ்வுக்குக் காற்றடிக்க முடியவில்லை. பம்பைப் பெருவிரலால் அமுக்கினால் உயிர் போகிறது. அதனால் சோறு கிடையாது. பாவ் ரொட்டி, டீ. ராத்திரி அதுவும் வேண்டாம். தின்றால் விடியும் முன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கக்கூஸ் வரிசையில் நிற்க வேண்டும். மூட்டு மடங்காது. ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு எழுந்திரிக்க முடியாமல் உள்ளேயே கிடந்தேன். வெளியே ஒருத்தி, "கெழவி உள்ளயே குடியிருக்கப் போறா போல" என்றாள். வரிசை பூராவும் சிரித்தது. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன்.

இதெல்லாம் நோய். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதற்கு என்ன பெயரென்று தெரியவில்லை. கை திறந்த பிறகும் எழுந்திரிக்கத் தோன்றவில்லை. எழுந்து என்ன செய்ய? பாயில் கிடந்து மேலே தகரத்தில் இருக்கிற துருக்கறையைப் பார்க்கிறேன். பத்து மணிக்குப் பார்ப்பேன். மறுபடி நினைவு வந்தால் நாலு மணி. நடுவில் அழுதேனா என்றால் அதுவும் இல்லை. உன்னை அடக்கம் செய்த அன்றும் நான் அழவில்லை என்று இங்கே பேச்சு. பெற்ற மகளுக்கே அழாத கல்நெஞ்சுக்காரியாம். அழத் தெரிந்தவளுகள் அழட்டும்.

அக்டோபர் 10, ஞாயிறு

உன் தம்பி வேதமுத்து வந்தான். டிராம்பேயிலிருந்து இரண்டு பஸ் மாறி ஞாயிறுதோறும் வருகிறான். கையில் ஆரஞ்சுப் பழம். அதை உரிக்க எனக்கு விரல் இல்லை என்று அவனுக்குத் தோன்றாது.

"எம்மா, எங்ககூட வந்துருங்க. குழாய் வாசல்லயே இருக்கு. அவளும் இருக்கா, பாத்துக்கிடுவா."

"ஒம் பொண்டாட்டி பாத்துக்கிடுத லட்சணத்தை நான் போன ஈஸ்டருக்கே பாத்தாச்சு."

"இங்க என்னம்மா இருக்கு?"

இங்கே உன் பெட்டி இருக்கிறது. சுவரில் நீ அடித்த ஆணி இருக்கிறது. உன்னைப் புதைத்த கல்லறைத் தோட்டம் இங்கிருந்து அரைமணி நடை. டிராம்பேயிலிருந்து அது எத்தனை பஸ்?

அந்த அரைமணி நடையை நான் ஒரு வருஷமாக நடக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன, உனக்குத் தெரிந்ததுதானே.

அக்டோபர் 19

ஒன்றுமில்லை.

நவம்பர் 2, செவ்வாய்

கல்லறைத் திருநாள். காலையிலிருந்து சந்தில் செவ்வந்திப் பூ வாசம். எல்லாரும் மெழுகுதிரிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனார்கள். பேகம் வாசலில் நின்று, "ஒங்க ஆளுக எல்லாரும் போறாவ. நீங்க போகலியா?" என்றாள். கால் வலி என்றேன். "கால் எப்பத்தான் வலிக்கல" என்றாள்.

உண்மையில் இன்று கால் அவ்வளவு வலிக்கவில்லை.

உன் குழிமேல் இன்று ஒரு திரிகூட எரிந்திருக்காது. வேதமுத்துக்கு ஷிஃப்ட்.

நவம்பர் 5

உபதேசியார் சூசைமாணிக்கம் வந்தார். தமிழ்ப் பூசைக்குச் செபம் சொல்லுகிறவர். கோயிலுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"சேசம்மா, கல்லறைத் தோட்டத்து வாசல்ல போர்டு பாத்தியளா? அறுபத்துநாலு மார்ச்சுக் குழியெல்லாம் வார மார்ச்சுல தொறக்காவ. ஒங்க மவ மரியஞானம் பேரு இருக்கு. நூத்திப் பன்னெண்டாம் நம்பர். பதினாலாந் தேதி."

திறக்கிறார்கள் என்றால் என்ன என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாதா" என்றார்.

எனக்குத் தெரியாது, கருப்பட்டி. பம்பாயில் குழி இரண்டு வருஷத்துக்குத்தானாம். இடம் இல்லையாம். இரண்டு வருஷம் ஆனதும் தோண்டி எலும்பை எடுத்து வீட்டார் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் குழியில் வேறு ஆளை வைப்பார்களாம். வீட்டார் வந்து வாங்கினால் துணியில் கட்டிப் பெட்டியில் போட்டு, மதில் சுவர் மாடத்தில் பெயர் எழுதி வைக்கலாம். யாரும் வராவிட்டால் மூலையில் ஒரு பொதுக்கிணறு இருக்கிறதாம், அதில் கொட்டுவார்களாம். எல்லாருடையதும் கலந்து. இதையெல்லாம் இங்கிலீஷ் பூசையில் அறிவித்தார்களாம். உன்னை அடக்கம் செய்த அன்று கொடுத்த தாளிலும் இருந்ததாம். அதில் கையெழுத்துப் போட்டது நான்தானாம். அன்றைக்கு எந்தத் தாளை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பேன்.

உங்கப்பா ஊருக்குப் போன இடத்தில் செத்தார். பதினெட்டு வருஷமாக நம் கோயிலுக்குப் பின்னால் அதே இடத்தில் கிடக்கிறார். அவரை எவனும் எழுப்பினதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் இந்த ஊரில் இடமில்லை என்று நினைத்திருந்தேன்.

உபதேசியார் போகும்போது சொன்னார்: "மாதா சபைக்கு மூணு மாடம் உண்டு. அவ சபைல நீல ரிப்பன் போட்ட பிள்ளை. ஒண்ணை அவளுக்கு எழுதி வச்சிருக்கேன். ஆனா பெத்தவ, இல்லன்னா கூடப்பொறந்தவன், ஒருத்தராவது நேர்ல நின்னு வாங்கணும். நான் வாங்கப்படாது."

நவம்பர் 7, ஞாயிறு

வேதமுத்துவிடம் சொன்னேன்.

"நான் வரமாட்டேம்மா."

"லீவு தரமாட்டானா?"

"லீவு இல்ல விஷயம். முதப்பிடி மண்ணு போட்டது நானு. தொறந்து பாக்க என்னால ஆவாது. கிணத்துலயே போடட்டும். எல்லாரும் அங்கதான கெடக்காவ."

"கூடப்பொறந்தவள கிணத்துல போடச் சொல்லுத. நீயெல்லாம் ஒரு ஆம்பளையால?"

அவன் வாசல்படியில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு அழ வருகிறது. நான் பக்கத்தில் போகவில்லை. பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆக, நான்தான். மார்ச் பதினாலு. நாலு மாதம் இருக்கிறது. அரைமணி நடை, அங்கே நிற்க வேண்டும், குனிந்து உன்னை வாங்க வேண்டும். அதுவரைக்கும் இந்த உடம்பு வேண்டும். அதற்கப்புறம் எனக்கு இது வேண்டாம்.

நவம்பர் 8

குழாய் வரைக்கும் போய் வந்தேன். குடம் இல்லாமல். குடமில்லாமல் குழாய்க்கு வந்தவளை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நவம்பர் 12

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேகம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் மராத்திக்காரர், சின்ன வயசு. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இந்தியில் என்னென்னவோ கேட்டார். தூக்கம் உண்டா, பசி உண்டா, யாரிடமாவது பேசுவதுண்டா.

"என்ன கேக்காரு?" என்றேன் பேகத்திடம்.

"ஒங்களுக்குக் கிறுக்கான்னு கேக்காரு மதினி. மரியாதையாக் கேக்காரு."

புது மாத்திரை கொடுத்தார். முகம் ஊதும், ஆனால் வீக்கம் வடியும், நிறுத்தாமல் சாப்பிட வேண்டும் என்றார். எவ்வளவு நாளைக்கு என்றேன். கடைசி வரைக்கும் என்றாராம். மார்ச் வரைக்கும் போதும் என்று சொல்லச் சொன்னேன். பேகம் அதைச் சொன்னாளா, வேறு ஏதாவது சொன்னாளா, தெரியாது.

வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைப் பிரித்தால் உன் கம்பெனி. உள்ளே பேக்கிங் சீட்டு. பேக் செய்தவள் நம்பர் 17 என்று இருந்தது. உன் நம்பர் 41. சீட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். 41 என்று எவளாவது ஒருத்தி உன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சீட்டுப் போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

நவம்பர் 20

காலையில் ஏழு மணிக்கே கை திறந்தது. இசக்கி பலசரக்குக் கடை வரைக்கும் நடந்தேன். பேகம் வெறும் குடத்தை என் இடுப்பில் வைத்து அனுப்பினாள். "சும்மா நடந்தா சீக்காளின்னு நினைப்பாவ. குடத்தோட நடந்தா பொம்பளைன்னு நினைப்பாவ."

நவம்பர் 27

தோல் அடுக்கி வைக்கிற கிட்டங்கி வரைக்கும். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். உப்புப் போட்ட தோல் நாற்றத்தில் ஒருவரும் பக்கத்தில் வந்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்கவில்லை. நல்ல இடம்.

டிசம்பர் 4

படுத்திருந்தேன்.

டிசம்பர் 5

இன்றும். வேதமுத்து வரவில்லை.

டிசம்பர் 6

கை நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் என்ன.

டிசம்பர் 8

மாதா பெருநாள். சபைப் பிள்ளைகள் நீல ரிப்பன் போட்டுக்கொண்டு சந்தில் போயிருப்பார்கள். பேகம் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

டிசம்பர் 9

பேகம் கதவுத் தாழ்ப்பாளைக் கரண்டியால் நெம்பித் திறந்து உள்ளே வந்துவிட்டாள்.

"செத்துட்டியளோன்னு பாக்க வந்தேன். சாகலன்னா எந்திரிங்க."

"செத்தா ஒனக்கென்னளா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. மார்ச்சுல ஒங்க மவளை யாரு வாங்குவா? ஒங்க கோயில்ல எங்கையில குடுப்பாவளா?"

எழுந்து குளித்தேன். தலையில் தண்ணீர் ஊற்றினது அவள். சீப்பு உள்ளே போகாமல் முடி சடை விழுந்து கிடந்தது. பாதியைக் கத்தரித்து எறிந்தாள். "அழுவுங்க மதினி, அழுதா நல்லது" என்றாள். வந்தால் அழமாட்டேனா.

டிசம்பர் 25, சனி

கிறிஸ்துமஸ். இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

அறுபத்துமூன்று கிறிஸ்துமஸுக்கு நீ நைலான் சேலை கேட்டாய். கம்பெனியில் எல்லாரும் கட்டுகிறார்கள், துவைத்து உதறினால் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம் என்றாய். நான் மாட்டேன் என்றேன். ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நைலான் கட்டினால் உருகி உடம்போடு ஒட்டும், எரிந்து சாகப் போகிறாயா என்று திட்டினேன். நீ சம்பாதித்த காசில் நீ கேட்ட சேலை. பருத்தி வாய்ல் சேலை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைக் காட்டாமல் கட்டிக்கொண்டாய். சேலை மட்டுமா. கேட்டு வந்த மாப்பிள்ளைகளையும் ஒவ்வொரு காரணம் சொல்லித் திருப்பினேன். உன் சம்பளம் நின்றுவிடும் என்பதுதான் காரணம் என்று உனக்கும் தெரியும். இருபத்தெட்டு வயது வரைக்கும் நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மார்ச்சில் மஞ்சள் காமாலை. பதினோரு நாள்.

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்கு மணப்பெண் வேஷம் போட்டு அடக்குகிறது நம்ம வழக்கம். வேதமுத்து தாதருக்கு ஓடினான். என்ன துணி வாங்க என்று கேட்டான். நைலான் என்றேன். வெள்ளை நைலான் சேலை, நைலான் கையுறை, நைலான் காலுறை. தலையில் பூமுடி. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வானத்திலிருந்து இறங்கின சம்மனசு மாதிரி இருக்கிறாள் என்றார்கள்.

கடைசியில் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி இருந்தது, கருப்பட்டி. அந்த வெட்கங்கெட்ட திருப்தியை யாரிடம் சொல்ல.

1966 ஜனவரி 3

டைரியில் ஜனவரி வந்துவிட்டது. இனி உன் எழுத்துக்குக் கீழே எழுத வேண்டும். இந்தத் தாளில் நீ "8.10 பஸ் போயிற்று" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இன்று ஸ்டவ் எரிந்தது. பம்பு நாற்பது தடவை. சோறு பொங்கினேன். குழைந்துபோயிற்று.

ஜனவரி 16, ஞாயிறு

வேதமுத்து ஒரு தகரப் பெட்டி கொண்டு வந்தான். அவன் வேலை செய்கிற ஒர்க் ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் அவனே வெல்டிங் வைத்துச் செய்ததாம். சாம்பல் நிறப் பெயிண்ட். இரண்டடி நீளம்.

"ஏம்ல இவ்வளவு நீளம்?"

"உபதேசியார்ட்ட கேட்டேன். தொடை எலும்பு நீளத்துக்கு வேணுமாம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ நம்ம வீட்டுலயே உசரம்லாம்மா."

அன்றைக்கும் ஆரஞ்சு. போகிற முன் நாலையும் உரித்துத் தட்டில் வைத்துவிட்டுப் போனான்.

ஜனவரி 24

காடாத் துணியில் பை தைக்கிறேன், உன்னைக் கட்டுவதற்கு. ஒரு நாளைக்கு நாலு விரல் நீளம். ஊசியில் நூல் கோக்கப் பேகம். "மாப்பிள்ளை வீட்டுக்குச் சட்டை தச்ச மாதிரி என்ன கவனம்" என்று கேலி செய்கிறாள்.

பிப்ரவரி 2

நானே கொசுவம் வைத்துச் சேலை கட்டினேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு. கண்ணாடியில் முகம் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, மாத்திரையால். செல்வச் சீமாட்டி என்று இசக்கி கடைக்காரன் நினைத்திருப்பான்.

பிப்ரவரி 11

மழையில்லாத மாதத்தில் மழை. மூட்டெல்லாம் பழையபடி. படுக்கை.

பிப்ரவரி 20, ஞாயிறு

தோட்டத்து வாசல் வரைக்கும் போய்விட்டேன். உள்ளே போகவில்லை. வாசலில் போர்டு இருந்தது. மேலே என்னமோ கொட்டை எழுத்தில் இங்கிலீஷ். கீழே நம்பர்கள். 112ஐக் கண்டுபிடித்தேன். அது மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

மார்ச் 1

இன்று உன் "தலைவலி"த் தாள். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறாய். எனக்கு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 13, ஞாயிறு

எல்லாம் தயார். பை, பெட்டி, ஒரு பாட்டில் தீர்த்தம், கழுவ ஒரு பித்தளைச் சட்டி. மாத்திரை இரண்டு மீதி. புதுச் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நாளைக்குப் பிறகு எதற்கு? உன்னை மாடத்தில் வைத்துவிட்டு வந்து படுப்பேன். யாரும் கரண்டியால் நெம்ப முடியாதபடி உள்ளே கட்டையை முட்டுக் கொடுத்துக்கொள்வேன். வேதமுத்துக்குப் பொண்டாட்டி இருக்கிறாள். பேகத்துக்கு வாய் இருக்கிறது. என் வேலை நாளையோடு முடிந்தது.

மார்ச் 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழரைக்குக் கிளம்பினோம். பெட்டியைப் பேகம் தலையில் வைத்துக்கொண்டாள். எட்டு இடத்தில் உட்கார்ந்தேன். அரைமணி நடைக்கு ஒன்றேமுக்கால் மணி ஆயிற்று. ஆனால் நடந்தேன்.

உபதேசியார் இருந்தார். குழி வெட்டுகிறவன் பாஸ்கல், கோவாக்காரன், எங்களுக்கு முந்தி ஒரு கிழவரைத் திறந்துகொண்டிருந்தான். கிழவர் சுத்தமாக வந்தார். பழுப்பாக, காய்ந்த சுள்ளி மாதிரி. அவருடைய மகன்கள் இரண்டு பேரும் கழுவித் துணியில் வைத்தார்கள். ஒருத்தன் அப்பாவின் பொய்ப்பல்லைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். பயமாக இல்லை. இவ்வளவுதானா, என்னால் முடியும் என்று நினைத்தேன்.

பிறகு 112. கொஞ்ச நேரத்தில் மண்வெட்டிச் சத்தம் மாறிற்று. பாஸ்கல் நிறுத்தினான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மாய், கப்டா கோன்சா டாலா?"

என்ன துணி போட்டீர்கள் என்று கேட்கிறான் என்றார் உபதேசியார். எனக்கே புரிந்தது.

"நைலான்" என்றேன்.

கையைக் காட்டினான், காலைக் காட்டினான். அங்கேயுமா? ஆமாம். எல்லாம் நைலான்.

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாசல் பக்கம் கைநீட்டினான். போர்டில் மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதாம், பருத்தித் துணி மட்டும் என்று. நைலானை மண் தின்னாதாம். உள்ளே இருக்கிறதையும் தின்ன விடாதாம். கோபமாகச் சொல்லவில்லை. பழம் இன்னும் பழுக்கவில்லை என்று கடைக்காரன் சொல்வானே, அப்படிச் சொன்னான். "ஏக் சால் அவுர்." இன்னும் ஒரு வருஷம்.

நான் விளிம்புக்குப் போனேன். போகாதீங்க என்றார் உபதேசியார். பேகம் பின்னால் என் இடுப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டாள். முகத்துப் பக்கம் பாஸ்கல் சாக்கைப் போட்டு மூடிவிட்டான். நல்லவன். ஓரத்தில் தலைப்பு மட்டும் ஒரு சாண் தெரிந்தது. அவன் மண்வெட்டி நுனியால் தட்டினான், மண் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை. கடையில் மடிப்பைப் பிரித்த மாதிரி. ஒரு கறை இல்லை.

துவைக்க லேசு என்று நீ சொன்னது சரிதான்.

அவன் திரும்ப மூடினான். நம்பர் தகட்டைத் திரும்ப நட்டான். ஆபீசில் ஒரு நோட்டில் 1967 மார்ச் என்று எழுதி என் பக்கம் தள்ளினார்கள். கையெழுத்துப் போடு என்றார்கள். முதலில் வாசிச்சுக் காட்டுங்க என்றேன். ஒவ்வொரு வரியாக உபதேசியார் தமிழில் சொன்னார். பிறகு போட்டேன்.

வெறும் பெட்டியோடு திரும்பினோம். பெட்டியைத் தோட்டத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடலாமா என்று பேகம் கேட்டாள். வேண்டாம் என்றேன். பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "ஒங்க மவ ஒங்களை மாதிரியேதான் மதினி. எந்திரின்னா எந்திரிக்க மாட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. நெடுநேரம். பேகம் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்களிடம் "க்யா தேக்தா ஹை", என்ன வேடிக்கை பார்க்கிறாய் என்று சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மார்ச் 15

கட்டையை முட்டுக் கொடுக்கவில்லை. மாத்திரை ஒன்று மீதி.

மார்ச் 20, ஞாயிறு

வேதமுத்துவிடம் சொன்னேன்.

"நைலான் வாங்கியாந்தது நான்லாம்மா."

"வாங்கச் சொன்னது நானு."

"பருத்தியும் இருந்துச்சு அந்தக் கடையில. நான் நல்லதா எடுப்பமேன்னு..."

"நல்லதாத்தான் எடுத்திருக்க. ரெண்டு வருஷமாச்சு, ஒரு நூல் பிரியல."

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான், அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று. அப்புறம் அவனும் சிரித்தான், அழுதான். இந்தத் தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையில் கை வைக்கத் தோன்றிற்று. வைத்தேன்.

போகும்போது, "அடுத்த மார்ச்சுக்கு நான் வாரேன்" என்றான். பார்க்கலாம். ஆம்பளைப் பேச்சு.

டிராம்பேக்கு வா என்று இன்று அவன் கேட்கவில்லை.

ஏப்ரல் 4, திங்கள்

மூன்று வாரமாக மாத்திரை இல்லாமல் கை மறுபடி மூடிக்கொண்டது. இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாக. அதே டாக்டர். மார்ச் வரைக்கும் போதும் என்றாயே என்று விரலைக் காட்டிக் கேட்டார். அடுத்த மார்ச் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

டப்பாவுக்குள் சீட்டில் 41 என்று இருந்தது. உன் நம்பர். யாரோ ஒருத்தி. அவளாவது அம்மாவிடம் கேட்டதை வாங்கிக்கொள்ளட்டும்.

ஜன்னல் கறுப்புத் தாளில் பாதியைக் கிழித்தேன். மீதிக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. நாளைக்கு ஐந்து மணிக்குக் குழாய்க்குப் போக வேண்டும், குடத்தோடு. யாருக்காகவும் இல்லை. நடக்காமல் விட்டால் கால் மறந்துவிடும். எனக்கு இன்னும் ஒரு வருஷம் கால் வேண்டியிருக்கிறது. இதை நல்லது என்று சொல்ல மாட்டேன். முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தவளை நீ விடவில்லை, அவ்வளவுதான்.

பை பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டி உன் டிரங்குப் பெட்டிமேல் இருக்கிறது.

கருப்பட்டி, உள்ளதைச் சொல்லு. அடுத்த மார்ச்சுல நான் வந்து நிக்கும்போது அந்தச் சேலையை விட்டிருப்பியா, இல்ல, இன்னும் ஒரு வருஷம் நடந்துட்டு வாங்கம்மான்னு சொல்லிருவியா?